பகலில் கட்டிய முடிச்சு

மீன் போய்விட்டது. வளைந்திருந்த ராடு சட்டென்று நிமிர்ந்தது, கையிலிருந்த கனம் காணாமல் போனது, அலைச் சத்தம் மட்டும் மிச்சம். ரீலைச் சுற்றித் தூண்டில் நரம்பை இழுத்து, நுனியைப் பிடித்துத் தலைவிளக்கைப் போட்டுப் பார்த்தேன். பாகற்கொடி பந்தலைத் தேடி நீட்டுமே ஒரு பற்றுக்கம்பி, அதுபோல நுனி சுருண்டு சுருண்டு கிடந்தது. முள் இல்லை.

பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த அண்ணன் எழுந்து வந்தார். வயதில் என்னைவிட இருபது வருடம் மூத்தவர். இரவுத் தூண்டிலில் எனக்குத் தெரிந்ததில் பாதி அவரைப் பார்த்துப் பார்த்துக் கற்றது.

"அறுந்துச்சா, அவுந்துச்சா?"

"அறுந்துருச்சுண்ணே. பெரிய மீன்."

"கொண்டா பாப்போம்." நுனியை இரண்டு விரலுக்கு நடுவே உருட்டினார். விளக்கு கேட்கவில்லை. "இது அவுந்தது. மீன் பெருசா சின்னதான்னு இது சொல்லாது."

அன்றைக்கு அது எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. நரம்பின் நுனி ஒரு சாட்சி. சுருண்டிருந்தால் முடிச்சு வழுக்கி அவிழ்ந்திருக்கிறது. இறுகிய இடத்தில் உரசிக்கொண்டே வெளியே வந்ததால் அந்தச் சுருள். கத்தியால் நறுக்கியதுபோல் இருந்தால் பல், இல்லாவிட்டால் சிப்பி ஓடு. நுனிக்கு மேலே நாலைந்து அங்குலம் சொரசொரப்பாக, பனி படிந்த கண்ணாடி மாதிரி மங்கியிருந்தால் பாறையோ மணலோ தேய்த்திருக்கிறது. நுனி இழுபட்டு மெலிந்து நின்றால்தான் உண்மையிலேயே பாரம் தாங்காமல் அறுந்தது. அந்தக் கடைசி வகையை இத்தனை வருடத்தில் நான் பார்த்தது மிகக் குறைவு. "பெரிய மீன், அறுத்துக்கிட்டுப் போயிருச்சு" என்று சொன்ன கதைகளில் பெரும்பாலானவை என் விரல் செய்த பிழை.

அந்த முடிச்சை எப்போது கட்டினேன் என்று யோசித்தேன். அரை மணி நேரம் முன்னால். மணலில் மண்டியிட்டு, ஈரக் கையோடு, மீன் கடிக்கிற நேரம் போய்விடுமே என்ற அவசரத்தில். ஐந்து சுற்று சுற்றினேனா மூன்றா, நினைவில்லை. இறுக்குவதற்கு முன் எச்சில் தொட்டு நனைத்த ஞாபகமும் இல்லை. நைலான் காய்ந்த நிலையில் தன்மேலேயே உரசி இறுகினால் அந்த ஒரு நொடிச் சூடே அதைப் பலவீனமாக்கிவிடும். போதாததற்கு முடிச்சின் நடுவே ஒரு மணல் துகள் உட்கார்ந்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

அன்றிலிருந்து ஒன்று வைத்துக்கொண்டேன்: இரவில் கரையில் முடிச்சு போடுவதில்லை. மாட்டுவதும் கழற்றுவதும் மட்டும்தான். இதை ஒத்துக்கொண்டால் லீடர், முள், ஈயம், முள்ளும் ஈயமும் மாட்டும்படி கட்டிவைக்கும் ரிக் என்று எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கும் முறையே மாறிவிடுகிறது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் லீடர். அலைக்கரையில் தூண்டில் போடுகிறவர்களுக்கு ரீலில் சுற்றியிருக்கும் மெயின் லைன் மெல்லியதாக வேண்டும்; மெல்லியது தூரம் போகும், நீரோட்டம் குறைவாக இழுக்கும். ஆனால் மெல்லிய லைனில் கனமான ஈயத்தைக் கட்டி முழு வேகத்தில் வீசினால் வீச்சிலேயே அறுந்துவிடும். அதனால் ஈயத்துக்கும் மெயின் லைனுக்கும் நடுவே தடித்த நரம்பு ஒரு துண்டு. அதுதான் ஷாக் லீடர். இதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: ஈயத்தின் ஒவ்வொரு அவுன்ஸுக்கும் லீடர் 10 பவுண்டு தாங்க வேண்டும். 4 அவுன்ஸ், அதாவது 113 கிராம் ஈயத்துக்கு 40 பவுண்டு. 5 அவுன்ஸுக்கு 50. 6 அவுன்ஸ், 170 கிராமுக்கு 60 பவுண்டு, கிலோவில் சொன்னால் 27. ஒரு அவுன்ஸ் 28 கிராம் சொச்சம், 10 பவுண்டு நாலரைக் கிலோ. ஆகவே தொங்கும் எடையைப்போல நூற்றறுபது மடங்கு தாங்கும் நரம்பைக் கட்டச் சொல்கிறார்கள். கொஞ்சம் அதிகப்படி என்று எனக்கும் தோன்றியதுண்டு.

அப்படித் தோன்றிய காலத்தில்தான் 110 கிராம் ஈயத்தை 20 பவுண்டு பிரெய்டில், அதாவது பின்னல் லைனில், நேராகக் கட்டி வீசினேன். வீச்சின் நடுவில் ரீலில் லைனைச் சுற்றிவிடும் கம்பி வளையம் தானாக மூடிக்கொண்டது. வெடி வெடித்ததுபோல் ஒரு சத்தம். ஆள்காட்டி விரலில் பிரெய்டு கோடு கிழித்திருந்தது. ஈயம் எங்கே போனது என்று தெரியவில்லை, அதுதான் பயம். பகலாக இருந்தால் கடலில் விழுவதையாவது பார்த்திருப்பேன். இருட்டில் பக்கவாட்டில் யாராவது நடந்து வந்துகொண்டிருந்தால்? அடுத்த ஐந்து நிமிடம் கரை நெடுகப் பார்த்துவிட்டு வந்துதான் உட்கார்ந்தேன். அவிழ்ந்து பறக்கும் ஈயம் தோட்டாவுக்குக் கொஞ்சம்தான் சளைத்தது. நூற்றறுபது மடங்கில் முடிச்சின் பலவீனம், கண்ணில் படாத கீறல், நடுவில் மூடிக்கொள்ளும் வளையம் எல்லாவற்றுக்கும் சேர்த்து இடம் விட்டிருக்கிறார்கள்.

நீளத்துக்கும் கணக்கு எளிது. வீசத் தயாராக நிற்கும்போது ஈயம் ராடு நுனியிலிருந்து ஒன்றரை மீட்டர் தொங்கும். நுனியிலிருந்து ரீல் வரை, நீளமான ராடு என்றால், மூன்று மீட்டர். ஸ்பூலில், அதாவது ரீலில் லைன் சுற்றும் உருளையில், ஆறேழு சுற்று லீடர் இருக்க வேண்டும், அது இன்னொரு ஒன்றேகால் மீட்டர். ஆறு மீட்டருக்குக் குறையாது. நான் எட்டு வைக்கிறேன். காரணம் மறுபடியும் இருட்டுதான்: ராத்திரி நடுவில் நுனி தேய்ந்தால் அரை மீட்டர் வெட்டி எறிய வசதி வேண்டும், புது லீடர் கட்டும் வேலை வரக்கூடாது. இன்னொன்று, லீடர் முடிச்சு ஸ்பூலின் முன்விளிம்புப் பக்கம் வராமல் பின்பக்கமாகப் போய் உட்காரும்படி சுற்ற வேண்டும். முன்னால் இருந்தால் வெளியே ஓடும் லைன் அதில் தட்டும். இதையும் விரலால் தடவித் தெரிந்துகொள்ளலாம்.

லீடரையும் மெயின் லைனையும் இணைக்கும் முடிச்சைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தூண்டில்காரர்கள் விடியும்வரை பேசுவார்கள். பிரெய்டுக்கு எஃப்ஜி முடிச்சு. அதில் பிரெய்டு லீடரின்மேல் பின்னிப் பிடித்துக்கொள்கிறது, லீடர் எங்கும் மடங்குவதில்லை. அதனால் மெல்லியதாக, ராடு வளையங்களில் தட்டாமல் போகும். என் முதல் தேர்வு அதுதான். ஆனால் அதைக் காற்றடிக்கும் கரையில், இருட்டில், இரண்டு முனையையும் விறைப்பாக வைத்துக்கொண்டு கட்டிவிடுவேன் என்று யாராவது சொன்னால் நான் நம்பத் தயாரில்லை. வீட்டில் நல்ல வெளிச்சத்தில் கட்டும்போதே மூன்றில் ஒன்றைப் பிரித்துக் கட்டுகிறேன். வேறு வழியே இல்லாத ராத்திரிக்கு மட்டும் டபுள் யூனி: இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சுற்று, விரல் தானாகச் செய்யும். கொஞ்சம் தடிமன், வளையத்தில் 'டிக்' என்று தட்டும், போகட்டும். நைலான் மெயின் லைன் வைத்திருப்பவர்களுக்கு டேப்பர் லீடர் என்று ஒன்று கிடைக்கிறது. ஒரு முனை மெல்லிசு, போகப் போகத் தடிப்பு. மெல்லிய முனை மெயின் லைனோடு சேர்வதால் முடிச்சு சின்னதாகிவிடும். இரவுக்கு அருமையான பொருள். நுனியை வெட்டிக்கொண்டே வந்தால் மிஞ்சுவது மெல்லிய பாகம் என்பது மட்டும்தான் குறை.

அடுத்து எந்த நரம்பு? ஃப்ளூரோகார்பனா, சாதா நைலானா? இதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஃப்ளூரோகார்பன் 1971இல் ஜப்பானின் குரேஹா நிறுவனம் தூண்டிலுக்குக் கொண்டுவந்த பொருள். அதன் பெருமையே தண்ணீரில் தெரியாது என்பதுதான். ஒளிவிலகல் எண் தண்ணீருக்கு 1.33, ஃப்ளூரோகார்பனுக்கு 1.42, நைலானுக்கு 1.5க்கு மேல். சரி, தெளிந்த தண்ணீரில், பட்டப்பகலில், கூர்ந்து பார்க்கும் மீனிடம் அந்த வித்தியாசம் பேசலாம். அலை மணலைக் கலக்கி அடிக்கும் கரையில், நிலா இல்லாத இரவில், கண்ணுக்குத் தெரியாத நரம்பு எதற்கு? அது தண்ணீரை உறிஞ்சாது, உராய்வைத் தாங்கும், கனமாக இருப்பதால் அடியில் படுக்கும். இந்த மூன்றுக்காக வாங்கினால் நியாயம் உண்டு. எனக்கு இரவில் அதைவிட முக்கியம் விறைப்பு. விறைப்பான தடித்த நைலான் தன்மேல் தானே சுற்றிக்கொள்ளாது. ஈயத்தோடு சேர்ந்து பின்னிக்கொண்டு விழுந்த இரை, மணலில் கிடக்கும் ஒரு பொட்டலம். மீன் அதைச் சீண்டாது. பகலில் என்றால் சந்தேகம் வந்ததும் சுற்றிப் பார்ப்போம். இரவில் அந்தப் பொட்டலத்தைக் கடலில் போட்டுவிட்டு முக்கால் மணி நேரம் நம்பிக்கையோடு உட்கார்ந்திருப்போம்.

நைலானைக் குறை சொல்லும்போதெல்லாம் அதற்கு முன்னால் இருந்ததை நினைத்துக்கொள்வேன். 1935இல் டுபாண்ட் ஆய்வுக்கூடத்தில் நைலான் வருவதற்கு முன் லீடருக்குப் பட்டுப்புழுவின் சுரப்பியை இழுத்துக் காயவைத்த நரம்பைத்தான் கட்டினார்கள். காய்ந்தால் நொறுங்கும், ஊறவைத்துத்தான் முடிச்சு போட முடியும். அதை இருட்டில் கட்டியவர்களுக்கு என் வணக்கம்.

நரம்பு தெரியாமல் இருக்க வேண்டும் என்று நானே ஒப்புக்கொள்ளும் இரவுகள் சில உண்டு. கடல் ஒளிரும் இரவுகள். நாக்டிலூக்கா என்ற நுண்ணுயிர் திரண்டிருக்கும்போது அலை உடையும் இடமெல்லாம் நீல வெளிச்சம் சிதறும். நரம்பு தண்ணீருக்குள் நுழையும் இடத்தில் ஒரு ஒளிக்கீற்று நடுங்கிக்கொண்டே இருக்கும். உரசலுக்குத்தான் அந்த உயிர் மின்னுகிறது. ஃப்ளூரோகார்பனும் மின்னும், நைலானும் மின்னும். அன்றைக்கு உதவுவது மெல்லிய நரம்பும் அசையாத ஈயமும்தான். சில இரவுகளில் ராடைக் குத்திவைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். மீன் கடிக்கவில்லை என்று வருத்தப்படவும் தோன்றவில்லை.

ரிக்குக்கு வருவோம். லீடரின் நுனியில் ஒரு வலுவான கிளிப், அவ்வளவுதான் நான் ரீலோடு நிரந்தரமாக வைத்திருப்பது. ரிக் முழுதும் தனியாக, அதன் தலையில் ஒரு ஸ்விவல், நரம்பு முறுக்கேறாமல் சுழலும் இணைப்பு. கிளிப்பைத் திற, ஸ்விவலை மாட்டு, மூடு. கிளிப் மூடியதா என்று நகத்தால் ஒருமுறை தட்டிப் பார். இந்தத் தட்டலை மறந்து ஒரு ரிக்கை ஈயத்தோடு கடலுக்குத் தானம் செய்திருக்கிறேன்; அவிழ்ந்த முடிச்சும் இல்லை, அறுந்த நரம்பும் இல்லை, திறந்த வாயோடு கிளிப் மட்டும் பத்திரமாகத் திரும்பி வந்தது.

எத்தனையோ ரிக் உண்டு. நான் இரவுக்கு எடுத்துப்போவது மூன்று. அதில் முக்கால்வாசி நேரம் பயன்படுவது பேட்டர்னாஸ்டர். நடுத்தண்டாக ஒன்றே கால் மீட்டர் தடித்த நரம்பு. மேலே ஸ்விவல், கீழே ஈயத்துக்குக் கிளிப். நடுவில் எழுபது சென்டிமீட்டர் இடைவெளியில் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு இரண்டு முள் நரம்பு, ஒவ்வொன்றும் முப்பது சென்டிமீட்டர். இரண்டையும் நேருக்கு நேர் நீட்டினாலும் ஒன்றையொன்று தொட முடியாது. தொட முடியாவிட்டால் பின்னிக்கொள்ளவும் முடியாது. முள் நரம்பு நீளமாக இருந்தால் இரை இயல்பாக ஆடும் என்று சொல்வார்கள், உண்மையாகவே இருக்கலாம். நீளமான முள் நரம்பு வீச்சில் சுழன்று தண்டோடு முறுக்கிக்கொள்வதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பார்க்க முடியாத நேரத்தில் குட்டைதான் நல்லது.

ஓடும் ஈய ரிக்கில் ஈயம் ஒரு சறுக்கும் கிளிப்பில் தொங்கி லீடரிலேயே வழுக்கும், மீன் இரையை எடுக்கும்போது ஈயத்தின் கனத்தை உணராது. பெரிய மீனுக்கும் திருக்கைக்கும் ஒற்றை முள்ளோடு இதைப் போடுவேன். தூரம் வீச ஒத்துவராது.

மூன்றாவது கப்பி ரிக், புல்லி ரிக் என்பார்கள். இதன் அமைப்பு எனக்குப் பிடிக்கும். லீடரில் மாட்டும் ஸ்விவலின் கண் வழியாகத் தடித்த நரம்பு ஒன்று கிணற்றுக் கயிறுபோல ஓடும். அதன் ஒரு முனையில் ஈயம், மறுமுனையில் முள். மீன் முள்ளை இழுக்க இழுக்க, கப்பியில் வாளி ஏறுவதுபோல ஈயம் மேலே ஏறிவிடும். மீன் பின்னால், ஈயம் அதன் தலைக்கு மேலே. பாறை கலந்த கரையில் மீனைச் சுற்றிக்கொண்டு வரும்போது ஈயம் இடுக்கில் சிக்காது. கல் நிறைந்த இடமென்றால் இன்னொரு வேலையும் செய்வார்கள்: ஈயத்தை மட்டும் மெல்லிய நரம்புத் துண்டில் கட்டுவது. சிக்கினால் ஈயம் போகும், மீன் வரும். ஆனால் அந்த மெல்லிய துண்டு வீச்சில் அறுந்தால் முன்பு சொன்ன தோட்டாக் கதைதான். அதற்கென்று உள்ள, வீச்சின் பாரத்தைத் தண்டு தாங்கும்படியான கிளிப் இல்லாமல் இருட்டில் அதைச் செய்வதில்லை.

தூரம் வீசுகிறவர்கள் இரையை ஈயத்தின் பின்னால் ஒரு கொக்கியில் மாட்டி வீசுவார்கள், தண்ணீரில் விழுந்ததும் கழன்றுகொள்ளும். பகலில் நானும் செய்வேன். இரவில் கழன்றதா என்று எப்படித் தெரியும்? இன்னொரு விஷயம், இருட்டு விழுந்தால் மீனே கரைக்கு வந்துவிடுகிறது. முதல் அலை உடையும் மேட்டுக்கும் கரைக்கும் நடுவே ஒரு பள்ளம் ஓடுமே, பகலில் குழந்தைகள் குளிக்கும் ஆழம், அதில் நண்டையும் புழுவையும் தேடிக்கொண்டு பெரிய மீன்கள் நீந்தும். முப்பது நாற்பது மீட்டர் போதும். நூறு மீட்டர் வீசி மீனைத் தாண்டிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்த இரவுகள் எனக்கு நிறைய. குறைந்த தூரம் என்றால் ஈயம் குறையும், லீடரும் மெலியும், இரைக் கொக்கியும் வேண்டாம். மாட்டுவதற்கும் மறப்பதற்கும் பாகங்களே கம்மி.

ஈயத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மணலில் கூம்பு வடிவ ஈயம் புதைந்து நிற்கும். நீரோட்டம் பலமாக இருந்தால் கம்பிக் கால் வைத்த ஈயம். கால்கள் மணலைப் பிடித்துக்கொள்ளும், பலமாக இழுத்தால் மடங்கிவிடும். இதில் தெரிந்துகொள்ள வேண்டியது கடியின் மொழி. கம்பிக்கால் ஈயத்தைப் பிடுங்கிக்கொண்டு மீன் கரைப்பக்கமாக வந்தால் ராடு குனியாது, நேராக நிமிர்ந்துவிடும், லைன் தொய்ந்துவிடும். புதியவர்கள் "ஈயம் நகர்ந்துவிட்டது" என்று நினைப்பார்கள். ராடு நுனியில் கட்டிய ஒளிக்குச்சி சட்டென்று பின்னால் சாய்ந்தால் ஓடிப்போய்ச் சுற்றுங்கள், மீன் அங்கேதான் இருக்கிறது.

முள்ளில் நான் முழுதாக வட்டமுள் கட்சி. நுனி உள்பக்கமாக, தண்டை நோக்கித் திரும்பியிருக்கும் அந்த வடிவத்தை முதன்முறை பார்ப்பவர்கள் "இது எப்படிக் குத்தும்?" என்பார்கள். குத்துவதில்லை. மீன் இரையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிப் போகும்போது முள் வழுக்கி வந்து வாயோரத்தில், தாடை மூலையில் மாட்டிக்கொள்கிறது. பசிபிக் தீவுக்காரர்கள் எலும்பிலும் சிப்பியிலும் இந்த வடிவத்தை எப்போதோ செதுக்கிவிட்டார்கள். J எழுத்துபோல் வளைந்த சாதா ஜே முள்ளுக்குக் கடித்த நொடியில் வெட்டி இழுக்க வேண்டும். ராடு நுனியே தெரியாத இருட்டில், அலை இழுப்பதா மீன் இழுப்பதா என்று தடுமாறிக்கொண்டு எந்த நொடியில் வெட்டுவது? வட்டமுள்ளில் வெட்டவே கூடாது. ராடு தானாக வளையும்வரை பொறுத்துவிட்டு, நிதானமாகச் சுற்றினால் போதும். கை பரபரக்கும், அதுதான் கஷ்டம். கூடுதலாக, மீன் ஆழமாக விழுங்குவது குறைவு, சின்னது என்றால் உயிரோடு விட்டுவிடலாம்.

இரை முள்ளை மூடிவிடக் கூடாது. நுனிக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி காலியாக இருந்தால்தான் தாடை அதற்குள் நுழையும். மீன் துண்டு இரைக்கு 4/0, 5/0. புழுவுக்கும் சின்ன இறாலுக்கும் 1 அல்லது 1/0. எண்கள் குழப்பும்: பூஜ்யம் போட்ட வரிசையில் எண் கூடினால் முள் பெரிது, போடாத வரிசையில் எண் கூடினால் சிறிது. அதனால் அளவைப் பகலிலேயே தீர்மானித்துவிடுங்கள். அப்புறம் முள் நுனியருகே பின்னோக்கி நிற்கும் எதிர்ப்பல்லை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். மீன் தப்பிக்காதா என்று கேட்டால், லைன் தொய்யாதவரை தப்பிக்காது. ஒரு இரவு துள்ளிய மீன் ஒன்று தன் வாயில் மாட்டிய முள்ளின் நுனியை என் கட்டைவிரலுக்குள் ஏற்றிவிட்டது. எதிர்ப்பல் நசுக்கியிருந்ததால் வந்த வழியே உருவிக்கொண்டேன். இல்லாவிட்டால் அன்றைய இரவு மருத்துவமனையில் முடிந்திருக்கும்.

சீலா, வாளை, சுறா என்று பல்லுள்ளவை வரும் என்று தெரிந்தால் முள்ளுக்கு மேலே ஒரு சாண் கம்பி. பல இழை கம்பி மடங்கிக்கொடுக்கும், ஒற்றைக் கம்பி பல்லுக்கு இன்னும் நன்றாகத் தாங்கும். ஆனால் அதை முறுக்கிக் கட்ட வேண்டும், வெட்டிய நுனி விரலைக் கிழிக்கும். இதுவும் பகல் வேலை.

ஒளிரும் சாமான்களைப் பற்றி என் கருத்து கொஞ்சம் வேறு. ஒளிரும் மணி, ஒளிரும் குழல், ஒளிரும் இரை மணம் பூசிய மிதவை என்று ஒரு பை நிறைய வாங்கிவைத்த காலம் உண்டு. மீனை இழுக்கிறதா என்றால் சில இரவு ஆமாம் போலிருக்கும், சில இரவு ஒளிரும் மணி இல்லாத பக்கத்து ராடில் கடிக்கும். இப்போது முள் நரம்புக்கு மேலே ஒரே ஒரு ஒளிமணி கோக்கிறேன், மீனுக்காக இல்லை, எனக்காக. அலைநுரையில் மீன் புரளும்போது முள் எந்தப் பக்கம், நரம்பு எங்கே என்று அந்தப் பச்சைப் புள்ளி காட்டிவிடும். நீட்டிய கை முள்மேல் போகாது. ஸ்ட்ரான்சியம் அலுமினேட் கலந்த மணிகளே நெடுநேரம் ஒளிரும். புற ஊதா டார்ச்சைச் சில நொடி காட்டினால் போதும். மீனுக்கும் கொஞ்சம் உதவ வேண்டுமென்றால் முள் நரம்பில் சின்ன மிதவை ஒன்று கோக்கலாம், ஒளிராததே போதும். இரை தரையைவிட்டுச் சற்றே எழுந்து நிற்கும், நண்டுகள் அதை முடிப்பதற்குள் மீனுக்கும் ஒரு வாய்ப்பு.

ராடு நுனி ஒளிக்குச்சி வேறு வகை. வளைத்தால் உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழல் உடைந்து இரண்டு திரவங்கள் கலக்கின்றன, ஹைட்ரஜன் பெராக்சைடும் ஆக்சலேட் கலவையும், சூடில்லாத வெளிச்சம். புழுக்கமான இரவில் பிரகாசமாக எரிந்து சீக்கிரம் மங்கும், குளிரில் மந்தமாக நெடுநேரம் நிற்கும். காலையில் அதை மணலில் போட்டுவிட்டு வராதீர்கள். அறுத்த நரம்புத் துண்டும் அப்படியே. பறவையின் காலிலும் ஆமையின் கழுத்திலும் சுற்றுவதற்கு அரை மீட்டர் போதும்.

தலைவிளக்கைச் சிவப்பில் வைத்துக்கொள்ளலாம். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். வெள்ளை வெளிச்சத்தை ஒருமுறை நேராகப் பார்த்தால் அந்த முதலீடு போய்விடும். ஆனால் சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பு மணியும் வெள்ளை மணியும் ஒன்றுபோலத் தெரியும், நரம்பு கிட்டத்தட்டத் தெரியாது. ரிக்குகளை நிறம் வைத்து அடையாளம் காண நினைத்த என் முதல் ஏற்பாடு இதனால்தான் ஊற்றிக்கொண்டது.

இப்போதைய ஏற்பாடு தொடுதல்தான். கெட்டியான நுரை அட்டையில் ஒவ்வொரு ரிக்காகச் சுற்றி, முள்ளை அட்டையிலேயே குத்தி வைக்கிறேன். ஒரு ரப்பர் பேண்டு போட்டிருந்தால் பேட்டர்னாஸ்டர், இரண்டு என்றால் கப்பி, மூன்று என்றால் கம்பி கட்டியது. ஸ்விவல் எப்போதும் வெளிமுனையில், முள் எப்போதும் உள்முனையில். பையில் கை விட்டதும் முதலில் ஸ்விவல்தான் தட்டுப்பட வேண்டும். ஒரு இரவுக்கு எட்டு ரிக். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கட்டி முடித்ததும் ஒவ்வொன்றின் முள்ளையும் ஒரு ஆணியில் மாட்டி, கண்ணாடி போட்டுக்கொண்டு, பலமாக இழுத்துப் பார்க்கிறேன். வீட்டில் அவிழும் முடிச்சுக்கு யாரும் வருத்தப்படத் தேவையில்லை. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு ஒரு ரிக்கை எடுத்து, கிளிப்பில் மாட்டி, ஈயம் கோத்து, திரும்பக் கழற்றி அட்டையில் சுற்றுவேன். வீட்டில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கண்ணை மூடிச் செய்ய முடியாத ரிக்கைக் கரைக்கு எடுத்துப்போவதில்லை. அழகழகான நாலைந்து ரிக்குகளை இப்படித்தான் கைவிட்டேன்.

கரையில் மிச்சமிருப்பது ஒரே ஒரு வேலை. ஒவ்வொரு மீனுக்குப் பிறகும், மீன் இல்லாவிட்டால் மூன்று வீச்சுக்கு ஒருமுறை, லீடரின் கடைசி ஒரு மீட்டரையும் முள் நரம்பையும் தடவிப் பார்ப்பது. நான் விரலால்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈரத்தில் ஊறி, உப்பும் இரைப்பிசுக்கும் ஏறிய விரல் நள்ளிரவுக்கு மேல் மரத்துப்போகும், அதில் கீறல் தெரியாது. அண்ணன் நரம்பை உதட்டுக்கு நடுவே வைத்து மெதுவாக இழுப்பார், முள்ளை மறுகையில் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு. முதலில் அருவருப்பாக இருந்தது, இரைநாற்றம் வேறு.

"நாக்குக்குத் தெரியாத கீறல் கிடையாது தம்பி," என்பார்.

போன அமாவாசைக்கு அடுத்த இரவு, ஒரு திருக்கையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தபோது மணி இரண்டு இருக்கும். பக்கத்து ராடில் ஒளிக்குச்சி இரண்டுமுறை குனிந்து நின்றது, அவசரம் தலைக்கேறியது. இரையைக் கையில் எடுத்துவிட்டேன். இருந்தாலும் நரம்பை உதட்டில் வைத்து இழுத்தேன். உப்பு, மணல், வழுவழுப்பு, வழுவழுப்பு. முள்ளுக்கு நாலு விரற்கடை மேலே கீழுதட்டில் ஏதோ தட்டியது. விளக்கைப் போடவில்லை. கிளிப்பைத் திறந்து ரிக்கைக் கழற்றிச் சட்டைப்பையில் சுருட்டிக்கொண்டு, பைக்குள் கை விட்டு ஒரு ரப்பர் பேண்டு போட்ட அட்டையைத் தேடினேன்.